காயாத ஊதா

காலையில் சுவரில் பூசிய மூன்று ஊதாவும் மத்தியானம் ஆகியும் காயவில்லை.

வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். இவள் பெயிண்ட் கடையில் சாயம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று காலம் தள்ளுகிறவள். உள்சுவர் பெயிண்ட் என்றால் ஒரு மணி நேரம், மழை நாள் என்றால் கூடுதலாக ஒரு மணி நேரம், அதற்கு மேலும் ஈரமாக இருந்தால் ஒன்று டப்பாவில் கோளாறு, இல்லையென்றால் சுவரில் கோளாறு என்று வாடிக்கைக்காரர்களுக்கு வாய் வலிக்கச் சொல்கிறவள். இந்த டப்பாக்களைக் கலந்தது அவளேதான். அதில் கோளாறு வர வழியே இல்லை.

கட்டிலை நகர்த்திவிட்டுத் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று சதுரங்கள் பூசியிருந்தாள். இடது பக்கம் வெளிறிய லாவண்டர், நடுவில் கத்தரிப்பூ நிறம், வலது பக்கம் நாவல்பழத் தோல் மாதிரி அடர்த்தியாக ஒன்று. கம்பி போட்ட ஜன்னல் வழியாக வந்த மழை வெளிச்சத்தில் மூன்றும் இப்போதுதான் தூரிகையை எடுத்தது போல மினுமினுத்தன. மின்விசிறி காலையிலிருந்து முழு வேகத்தில் கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் பெயிண்ட் வாசனை இல்லை. ஈரத் துணியை நாள்கணக்கில் மூடி வைத்த பெட்டியின் நெடி அடித்தது. அதற்கும் அடியில், தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் விட்ட கூந்தலின் வாசனை.

அறை வாசலில் கணவன் வந்து நின்றான். எப்போதும் போல கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே வராமல்.

"தொட்டுப் பாத்தியா?"

"இன்னும் காயலங்க. இந்தச் சுவத்துல ஏதோ ஓதம் இருக்கு. முன்னாடி என்ன பெயிண்ட் அடிச்சிருந்தீங்க?"

"வெள்ளைதான். இந்த ரூமுக்கு வெள்ளையைத் தவிர வேற எதுவும் பட்டதே இல்ல." அவன் கண் சுவரை விட்டு நகரவில்லை. "நான் காஞ்சுதான்னு கேக்கல. எது புடிச்சிருக்கோ அதைத் தொட்டுக் காட்டு."

"ஈரத்துல கை வெச்சா ரேகை விழுந்துடும். அப்புறம் யாரு தேய்க்கிறது?"

"விழட்டுமே," என்று சிரித்தான். ரோலர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, ஹால் வரைக்கும் சாரல் அடிக்கிறது என்று அறைக்கதவையும் சாத்திக்கொண்டு போனான்.

நல்ல மனிதன்தான். சாப்பாட்டுக்கு உப்பு இல்லை என்றுகூட வாயைத் திறக்க மாட்டான். "உன் இஷ்டம்" என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே பதில். "வாயில விரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத ஆளு, குட்டி," என்று அக்கா சொன்னதை நம்பித்தான் இவள் கழுத்தை நீட்டினாள். அவன் அக்காவுடைய ஆபீஸில் வேலை பார்ப்பவன். வீடு எப்படி என்று கேட்டதற்கு, தான் பார்த்ததே இல்லை என்றாள் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வாசல் கேட்டோடு நின்று பேசிவிட்டுப் போனாளே தவிர உள்ளே வந்ததில்லை. கேட்டால் ஆபீஸ் அவசரம்.

காலையில்கூட போன் செய்திருந்தாள். "எந்த ஊதான்னு முடிவு பண்ணிட்டியா? உன் கையால தொட்டுச் சொல்லு. அவருக்கு அது போதும்."

அக்கா கிணற்றில் குதி என்றால் இவள் குதிப்பாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் எல்லாமும். சின்ன வயதில், திறந்து கிடந்த தகர டப்பாவுக்குள் கையை விடப்போன இவளைத் தட்டிவிட்டபோது, மூடியின் விளிம்பு அக்காவின் கட்டை விரலில் இறங்கிவிட்டது. ரேகைகளைச் சாய்வாக இரண்டாகப் பிளக்கும் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. காய்ச்சலில் படுத்தால் அந்த விரல்தான் இவள் நெற்றியைத் தடவும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அதை இவளுக்கு அடையாளம் தெரியும்.

அக்காவும் அவனும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றி, போய்விட்டது. நம்பிக்கை அப்படித்தான், சந்தேகத்துக்கு உட்கார நாற்காலி போடாது.

சரி, ஒரு தடவை தொட்டுத்தான் பார்ப்போமே. கல்யாண மோதிரம் கொஞ்சம் தொளதொள. பெயிண்டில் விழுந்துவிடாமல் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, கட்டை விரலை மட்டும் கத்தரிப்பூச் சதுரத்தில் வைத்தாள்.

சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தில் விரல் வைத்தது போல லேசாக அமுங்கிக்கொடுத்தது. பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று, அதே இடத்தில், அதே அழுத்தத்தில், திருப்பி அழுத்தியது.

கையை இழுத்தாள். பெயிண்ட் விடவில்லை. பாலாடை போல நீண்டு, விரலோடு சேர்ந்து சுவரின் வெள்ளையும் ஒரு முழத்துக்கு உரிந்து வந்த பிறகுதான் விரலை விட்டுத் தொங்கியது.

அடியில் மூன்று சதுரங்கள்.

அதே உயரம். அதே இடைவெளி. இவள் பூசாத மூன்று ஊதாக்கள். வெள்ளையைத் தவிர வேறு எதுவும் படாத சுவர்! நடுச் சதுரத்தில் ஒரு கட்டை விரல் ரேகை பதிந்திருந்தது. இப்போதுதான் வைத்தது போல ஈரம். கிட்டே போய்ப் பார்த்தாள். ரேகைகளைச் சாய்வாக இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு கோடு ஓடியது.

பார்த்ததே இல்லை என்றாளே.

உரிந்த தோல் தானாகவே இன்னும் கீழே இறங்கியது. நனைந்த காகிதம் கிழிவது போல ஒரு சத்தம். அதற்கடியில் இன்னொரு வெள்ளை, இன்னொரு மூன்று ஊதா. அதற்கடியிலும். அந்த ஆழத்தில் இருந்தவை கட்டை விரல்கள் அல்ல. முழு உள்ளங்கைகள். ஒன்று குழந்தைக்கை மாதிரி சின்னது, ஒன்றில் வளையல் விளிம்பு. கை வைத்து அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். இவை புடைத்திருந்தன.

உள்ளேயிருந்து.

கதவுக்கு ஓடினாள். வெளியே தாழ்ப்பாள். தட்டினாள். "என்னங்க... என்னங்க!" ஹாலில் யாரோ நாற்காலியை நகர்த்தி உட்காரும் சத்தம் கேட்டது. ரோலர் வாங்க யாரும் போகவில்லை.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தொட்டுட்டியா?"

ஹலோ இல்லை. எப்படி இருக்கே என்று இல்லை. அந்த ஒரு வார்த்தையில் இவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "அக்கா, நீ இங்க வந்திருக்கியா? இந்த ரூமுக்கு?"

"ஒரே ஒரு தடவைதான், குட்டி." அக்கா அழுதாள். "முதல்ல எனக்கும் அவருக்கும்தான் கல்யாணப் பேச்சு. கலர் கேட்டார், தெரியாமத் தொட்டுட்டேன். அன்னைலேர்ந்து என் கை என் கையா இல்ல. தூங்கினா அந்தச் சுவத்துப் பக்கமே வலிக்க வலிக்க இழுக்கும். என் ரத்தத்துல ஒருத்தர் தானா வந்து தொட்டா என்னை விட்டுடும்னு சொன்னார். எனக்குன்னு வேற யாரு இருக்கா, சொல்லு?"

"வந்து கதவைத் திற அக்கா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வந்து திற மட்டும்."

அக்காவின் அழுகை மெதுவாக நின்றது. பிறகு, மறைக்கப் பார்த்தும் மறைக்க முடியாத ஒரு நிம்மதியோடு அக்கா சொன்னாள்.

"வலி போயிடுச்சு, குட்டி."

போன் அடங்கியது.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஊரார் பேசக் கேட்டிருக்கிறாள். அறுத்த கை, தனக்காக ஒரு நாள் ரத்தம் சிந்திய அதே கை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை போல "அக்கா, அக்கா" என்று அழுதாள்.

பின்னால் சடசடவென்று ஒரு மெல்லிய சத்தம்.

திரும்பினாள். அக்காவின் ரேகை காய்ந்துகொண்டிருந்தது. மினுமினுப்பு அடங்கியது. நிறம் வெளுத்தது. தழும்புக் கோட்டில் விரிசல் விட்டு, இரண்டு துண்டாகி, உதிர்ந்தது. தரையில் கொஞ்சம் ஊதாத் தூள். அவ்வளவுதான். சுவரை விட்டு அக்கா போய்விட்டாள்.

தொங்கும் தோலில் இவளுடைய ரேகை மட்டும் ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோல் மேலே ஏறியது. சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டது. கூந்தல் நெடி அறையை நிறைத்தது. மின்விசிறி நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் கணவனின் குரல். சாந்தமாக. அன்பாக.

"எந்தக் கலர் எடுத்தேம்மா?"

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கட்டை விரலைப் பார்த்தாள். ரேகையே இல்லை. வழவழவென்று, பூசி முடித்த சுவர் மாதிரி.

சுவரில், அவள் ரேகைக்குப் பக்கத்தில், ஒரு விரல் புடைத்து எழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஊதா பூசிய நான்கு விரல்கள், உள்ளேயிருந்து, மெதுவாக.

மோதிர விரலில், தொளதொளவென்று, அவளுடைய கல்யாண மோதிரம்.

தன் கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லை.