முப்பத்தேழு டிகிரி

இரவெல்லாம் வாசலில் நின்ற வண்டி அது. பானெட்டின் மேல் பனியின் ஈரம் கோடு கோடாக வழிந்திருந்தது. பட்டறைச் சுவரில் தொங்கிய வெப்பமானி பதினொன்று காட்டியது. மெக்கானிக் இன்ஜினில் உள்ளங்கையை வைத்தான், விரல்கள் விறைத்தன. ஆனால் வண்டியின் கணினியோடு ஒயரில் இணைத்து முன் இருக்கையில் போட்டிருந்த ஸ்கேனர், இன்ஜினின் வெப்பம் முப்பத்தேழு டிகிரி என்றது.

முதலில் அவனுக்கு நிம்மதிதான். ஒரு மாதமாகப் படுத்திய நோய் பிடிபட்டுவிட்டது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். வெப்பத்தை அளந்து சொல்லும் சென்சார் பொய் சொன்னால், சூடாகத்தான் இருக்கிறோம் என்று நம்பி வண்டி பட்டினி கிடக்கும். தினமும் விடியலில் கர் கர் என்று இழுத்துவிட்டு அடங்கிப்போவது அதனால்தான்.

அவசரம் இருந்தது. அவன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். போன முறை ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. இந்த முறை வலி கண்டதும் கிளம்பவேண்டும் என்றுதான், அடிபட்ட வண்டிகளை விற்கும் இடத்திலிருந்து இதை ஓட்டிவந்தான். பின் இருக்கைக்கு மட்டும் புத்தம்புது உறை போட்டிருந்தார்கள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

"ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க. நம்மளுது மட்டும் உங்கள மதிக்கவே மாட்டேங்குது," என்றாள் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து.

"வீட்டுல இருக்குறவங்கள பாத்துக் கத்துக்கிச்சு போல."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் மாலையில் புது சென்சார் கொண்டுவந்தான். "பெட்டி பிரிக்காத சரக்கு, மாப்ள. இதுவும் பொய் சொன்னா என் மீசைய எடுத்துர்றேன்."

மறுநாள் விடியல். சுவரில் பதினொன்று. புது சென்சார் மாட்டியும் ஸ்கேனரில் முப்பத்தேழு.

சென்சாரின் ஒயரை உருவினான். ஒயர் இல்லாவிட்டால் எண் அடியோடு விழுந்து மைனஸ் நாற்பது காட்டவேண்டும். உருவிய ஒயர் கையில் தொங்கிக்கொண்டிருக்க, எண் அசையாமல் நின்றது. எரிந்த எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், தூங்கி எழுந்த போர்வையின் வாசனை போல் ஏதோ ஒன்று பானெட்டுக்குள்ளிருந்து மெல்ல மேலே வந்தது.

நீண்ட திருப்புளியை எடுத்தான். ஓடும் இன்ஜினுக்குள் எது தட்டுகிறது என்று கண்டுபிடிக்க, அதன் முனையை இரும்பில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அவன் பழக்கம். ஓடாத இன்ஜினில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவன் கேட்டான்.

மெதுவான ஒரு துடிப்பு. அதற்குள் வேகமான இன்னொரு துடிப்பு.

அதை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். போன வாரம், ஆஸ்பத்திரியில், அவள் வயிற்றில் கருவியை வைத்தபோது. மெதுவானது அவளுடையது, வேகமானது குழந்தையுடையது.

மூன்றாம் நாள் ஸ்கேனரில் முப்பத்தெட்டு புள்ளி நான்கு. படிகளில் தாவி ஏறினான். அவள் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"உடம்பு கொதிக்குதுங்க."

முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

கேட்பதற்குள் அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தாள். வலி. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். அண்ணன் போனை எடுக்கவில்லை. பட்டறையில் ஓடும் நிலையில் வேறு வண்டி இல்லை, தெருவிலும் இல்லை. அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, அந்தப் புது உறையின் மேல் உட்காரவைத்தான்.

சாவியைத் திருப்பினான். கர்... கர்... கர்.

"சீக்கிரங்க."

மறுபடி திருப்பினான். ஸ்கேனரில் முப்பத்தைந்து.

இன்னொரு தடவை. முப்பது. இன்ஜின் இருமியது. பிடிக்கப் பார்த்தது.

"குளிருதுங்க," என்றாள் பின்னாலிருந்து. "கண்ணாடிய ஏத்துங்க."

எல்லாக் கண்ணாடியும் ஏறித்தான் இருந்தது.

சாவியிலிருந்து கையை எடுத்தான். எண் நிற்கவில்லை. இருபத்து நான்கு. பதினேழு. கதவைத் திறந்து அவளை இறக்கிவிட வேண்டும். கைப்பிடி அசையவில்லை. பதிமூன்று.

பதினொன்று.

சாவியை யாரும் தொடவில்லை. வண்டி ஒரே இழுப்பில் பிடித்தது. இத்தனை சுத்தமாக ஓடும் இன்ஜினை அவன் கேட்டதே இல்லை. ஸ்டீயரிங் வழியாகத் துடிப்பு உள்ளங்கையில் ஏறியது.

ஒரே துடிப்பு. வேகமானது.

அவன் மூச்சு முன் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. பின்னாலிருந்து எதுவும் படியவில்லை. மேலே இருந்த சிறு கண்ணாடியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்து, அவனையே பார்த்தபடி.

"போலாங்க," என்றாள்.

அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

கியர் தானாக விழுந்தது.