பதில் சொல்ல ஓர் ஆள்

செத்துப்போன அம்மாக்களுக்கு மாதம் ஒருமுறை தூசி தட்டுவது கோமதிநாயகத்தின் உத்தியோகம். செவ்வாய்க் கிரகத்து மண் மாவு மாதிரி. எத்தனை கதவு போட்டு அடைத்தாலும் உள்ளே வந்துவிடும். அன்று ஞானசௌந்தரி அம்மாளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவர்த் திரையில் ஏதோ கேள்வி வந்தது. கோமதிநாயகம் எந்தத் திரை எதைக் கேட்டாலும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தியே வளர்ந்தவர். அது திரும்பத் திரும்பக் கேட்டது. அவரும் திரும்பத் திரும்ப அழுத்தினார். அம்மாள் அழிந்துபோனாள்.

'எங்களுக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?' மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் இந்தக் கவலையும் பூமியிலிருந்து கப்பலேறி வந்திருந்தது. குடியேற்ற மன்றம் அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் பின்குரல். பெற்றவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சையெல்லாம் சேமித்து, போன பிறகு வீட்டுச் சுவரில் பதித்துவிடுவார்கள். சுவர் சாப்பிடச் சொல்லும், திட்டும், நடுநடுவே இருமும். மன்றம் மாதாமாதம் கேட்கிற கேள்விகளுக்கு வீட்டில் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே வண்டி வந்து பிள்ளையைக் காப்பகத்துக்கு ஏற்றிப் போய்விடும்.

இந்த வீட்டுப் பிள்ளை வேதமுத்துவுக்கு டவுன் சின்ட்ரோம். நாற்பதைத் தாண்டி, மீசை நரைத்துவிட்டது. கீரைக்கூடத்தில் வேலை. கோமதிநாயகம் வரும்போதெல்லாம், பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று சுவரைக் கேட்பார். "அவனுக்கென்ன சார் தெரியும், பச்சப்புள்ள" என்று சுவர் சொல்லும். பச்சப்புள்ள காப்பி டம்ளரோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். இத்தனைக்கும் ஞாயிறுதோறும் குடும்பங்களுக்கு வகுப்பெடுப்பவரும் கோமதிநாயகம்தான். முதல் பாடமே, 'அவர்களிடம் நேராகப் பேசுங்கள்.' உருக்கமாக எடுப்பார். பெற்றவர்கள் அழுவார்கள்.

இப்போது சுவர் பேசாமல் இருந்தது. வர வேண்டிய இருமல் வரவில்லை. அது வராததைக் கேட்டுக்கொண்டு கோமதிநாயகம் நின்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றுபோயிற்று. அங்கேயும் ஒருவர் அதே இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வண்டி வரும். அது போகட்டும், இப்போது இந்த மனுஷன் அம்மா எங்கே என்று கேட்டால்?

கோமதிநாயகம் முகத்தைச் சுவரோடு ஒட்டி, குரலை மெலிதாக்கினார். "முத்து... சாப்ட்டியாப்பா?" பொருத்தமாக இருக்கட்டும் என்று ஓர் இருமலும் இருமினார்.

"சாப்ட்டேம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கோமதிநாயகத்துக்குத் தானே செத்துப்போய்ச் சுவருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு கணம் தோன்றியது.

வேதமுத்து காப்பியோடு வந்தார். சுவரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இருமல் சரியா வரல சார்."

கோமதிநாயகம் காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மன்றத்துக்குச் சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும், கேட்பதற்குச் சுவர் இல்லை. வேறு வழியில்லாமல், முதன்முறையாக, கேள்விகளை வேதமுத்துவிடம் கேட்டார். வேதமுத்து நிதானமாகச் சொன்னார்: தினம் சமைப்பதை, காலையில் போடும் தைராய்டு மாத்திரையை, ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை. கீரைக்கூடத்தில் காலை ஷிஃப்ட் கிடைத்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். மன்றம் பதில்களை ஏற்றுக்கொண்டது. வீட்டில் ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் விதி. அவர் செத்தவராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லியிருக்கவில்லை.

வண்டி வராது. கோமதிநாயகத்துக்குத்தான் எழுந்திருக்க மனம் வரவில்லை.

"அம்மாவ நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்" என்றார்.

"அது அம்மா இல்ல சார். அம்மா செத்துட்டாங்க. நான்தான மண்ணு போட்டேன்."

"அப்ப இத்தன வருஷமா ஏன் அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

வேதமுத்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"வர்றவங்க எல்லாரும் அதுகிட்டதான சார் பேசுறீங்க. அது இல்லன்னா, பாவம், நீங்க யார்கிட்ட பேசுவீங்க?"