வாளிக்காரன்

கப்பலின் ஓட்டை அப்படியே இருந்தது; தண்ணீர் மட்டும் ஏறவில்லை.

துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து, சன்னல் திரையை இழுத்துவிட்டும் தூக்கம் பிடிக்காமல் கட்டிலில் கிடந்த சுமைக்காரன், செல்போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு. இந்த வகை ஆட்டத்தில் கூட்டாளி கிடையாது. சுக்கான் பிடிப்பது, பீரங்கி சுடுவது, அடித்தட்டில் இறங்கித் தண்ணீர் இறைப்பது எல்லாம் ஒருவனே. சுக்கானிலேயே நின்றால் கப்பல் மூழ்க வேண்டும். இவன் வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறான்.

முன்பு ஆடியது நான்கு பேர் ஓட்டும் கப்பல். இவனுக்குச் சுக்கான், கூட வேலை பார்த்த குட்டை என்பவனுக்கு வாளி. குட்டை செத்தபின் முகம் தெரியாதவர்களோடு ஏறிப் பார்த்தான். வயதான பிறகு எழுத்துப் படித்தவன். அவர்கள் அனுப்புவதைக் கூட்டி வாசிப்பதற்குள் அது ஓடிவிடும்.

"யோவ் பெருசு, தூங்குறியா? இடது பக்கம் திருப்புய்யா!"

நடுக்கடலில் இறக்கிவிட்டார்கள். அடுத்து ஆடியது, சரக்குக் கப்பலை அனுப்பிவிட்டு அது திரும்பும்வரை காத்திருக்கும் வகை. சும்மா காத்துக்கிடக்கத் தனியாக ஒரு விளையாட்டு வேறா என்று அழித்துவிட்டான். மிஞ்சியது இந்தத் தனிக்கப்பல். இதில் யாரும் திட்டமாட்டார்கள். யாரும் பேசவும் மாட்டார்கள்.

சளக். சளக். கொஞ்சம் பொறுத்து, சளக்.

இரண்டு வாளி வேகமாக, ஒன்று நிதானமாக, நடுவில் ஒருவன் மூச்சுவாங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, யாரோ இறைத்துக்கொண்டிருந்தார்கள். குட்டை அப்படித்தான் இறைப்பான்.

துறைமுகத்தில் ஒழுகும் கப்பலின் அடித்தட்டில் தண்ணீர் இறைக்கக் கீழே ஒருவன், கயிறு பிடிக்க மேலே ஒருவன், முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். குட்டை செத்த அன்று கீழே இறங்குவது இவன் முறை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"உக்காருண்ணே, கிழவனாயிட்ட. உன் முறைக்கும் நானே எறங்குறேன். அப்புறமா திருப்பிக் குடு."

சிரித்தபடி இறங்கியவன்மேல் தடுப்பு பிளந்து கடல் புகுந்தது. மேலிருந்து இவன் விட்ட கயிற்றை யாரும் பிடிக்கவில்லை.

செல்போனின் ஒலியைக் குறைத்தான். சத்தம் குறையவில்லை. அணைத்தே விட்டான். பகல் வேளையில் ஆளற்றுப்போகும் கட்டடம். படிக்கட்டில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. துருவும் உப்பும் கலந்த வாடை போர்வைவரை ஏறி வந்தது.

சளக்.

கட்டிலுக்கு அடியில்.

சளக்.

நின்றது.

"மாத்திக்கலாமாண்ணே?"

கீழிருந்து குரல் வந்தால் மேலிருப்பவன் உடனே பதில் சொல்லியாக வேண்டும். கேட்டு, யோசித்துச் சொல்வது அந்த வேலையில் கிடையாது. பல வருடப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"வர்றேன்டா."

இருட்டு.

நெஞ்சுவரை தண்ணீர். கையில் வாளியின் பிடி, இன்னொருவன் கைச்சூடு ஆறாமல்.

தலைக்கு மேலே, வெகு உயரத்தில், ஒரு சதுர வெளிச்சம். அதில் அவன் அறை. அவன் கட்டில். சொட்டச் சொட்ட நனைந்த குட்டை அதில் கால் நீட்டி உட்கார்ந்து, ஈர விரலால் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கணக்குத் தீந்துச்சுண்ணே."

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இறைத்தான். இறைத்தான்.

"டேய் குட்டை! மாத்திக்கலாமா?"

குட்டை குனிந்து பார்க்கவில்லை. தலையணை அடியில் துழாவி இயர்போனை எடுத்தான். தண்ணீர் போக ஒருமுறை உதறினான். ஒரு காதில் மாட்டினான்.

பிறகு மறுகாதில்.