அலமாரியில் இருந்த மாற்றுச்சாவி

சொந்தமாகக் கார் வைத்திருக்கும் அப்துல் அஜீஸ் நன்னிலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் வந்திருந்தார். கீழவாசலில் கயல்விழியின் அலுவலகத்தைத் தேடிப்பிடித்து மாடியேறியவர், உட்காருவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என் வண்டியத் திருடப் போறாங்கம்மா. இன்னும் திருடல. ஆனா திருடப் போறாங்க.”

கயல்விழி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம் காணாமல் போன வாகனங்களைத் தேடியவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். திருட்டுப் போவதற்கு முன்பே ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்து நாற்காலியில் இருந்த ரெத்தினம் ஆர்வத்தோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கோர்ட் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கயல்விழிக்கு உதவியாக இருப்பவர் அவர். ஊர் ஊராக ஜப்தி செய்த காலத்தில் பழகிய சந்தேகப் பார்வை இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

அஜீஸ் சவூதியில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து, நன்னிலம் கடைத்தெருவில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். கடைக்கு நடந்தே போய்விடுவார். கார் வீட்டுப் போர்டிகோவில் நிற்கும். போன வெள்ளிக்கிழமை காலையில்கூட வேலை செய்த சாவிப் பொத்தானை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அமுக்கினால் கதவு திறக்கவில்லை.

“செல் மாத்திப் பாத்தேன். ம்ஹூம். கதவுல சாவிய விட்டுத் திருகினாத்தான் திறக்குது. ஆனா என்ஜின் மட்டும் எப்பவும்போல ஸ்டார்ட் ஆவுது. மெக்கானிக் பாத்துட்டு, சாவி கெட்டுப்போச்சுன்னான்.”

கயல்விழி பொத்தானை அமுக்கினார். சாவியின் நெற்றியில் சிவப்புப் புள்ளி ஒன்று பளிச்சென்று எரிந்து அணைந்தது.

“மாற்றுச்சாவி இருக்குமே?”

“அலமாரியில இருக்கு. அத அமுக்கினா கதவு டக்குனு திறக்குது.”

“அத வச்சு வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

“எதுக்கும்மா? ஸ்டார்ட் பண்ணத்தான் இது இருக்கே.”

இது மட்டும் என்றால் அவர் வந்திருக்க மாட்டார். ஓட்டுநர் சீட்டு ரொம்ப முன்னால் தள்ளிக் கிடந்ததை அவர் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறார். அப்புறம் வாய்க்கால் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் காதர் மைதீன், ஒரு நாள் பகலில் கார் அந்தப் பக்கம் போனதாகவும் உள்ளே அஜீஸின் டிரைவர் காத்தான் இருந்ததாகவும் சொன்னார். அந்த நேரத்தில் அஜீஸ் கடையில் இருந்தார். கார் சாவி அவருடைய பையில் இருந்தது.

“காத்தானக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறான். வாயே திறக்கல. இனிமே வராதேன்னு அனுப்பிட்டேன். போலீசுக்குப் போறதுக்குத்தான் கிளம்பினேன். என் வீட்டுக்காரிதான் உங்களப் பத்திப் பேப்பர்ல படிச்சேன், முதல்ல அவங்ககிட்ட போங்கன்னா. இன்னைக்கு ஒண்ணும் தெரியலேன்னா நாளைக்குக் காலைல காத்தான் பேர்ல புகார் கொடுத்துருவேன்.”

“கார்லயே வந்திருக்கலாமே?”

“திரும்பும்போது இருட்டிரும்மா” என்றார் அஜீஸ். கயல்விழி நீட்டிய விசிட்டிங் கார்டை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு, “போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டார்.

அன்றே மூவரும் பஸ் ஏறினார்கள். நன்னிலத்தில் அஜீஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கயல்விழியும் ரெத்தினமும் வாய்க்கால் சாலைக்கு நடந்தார்கள். மழை விட்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரைதொட்டு ஓடியது.

காதர் மைதீன் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். “ஊருக்குள்ளேருந்து வெளிய போச்சும்மா. காத்தான் கைய வெளிய நீட்டி எனக்கு வணக்கம் வச்சான். இங்கேருந்து கைய நீட்டினாத் தொட்டுருக்கலாம், அவ்வளவு கிட்ட.”

“உள்ள வேற யாரு இருந்தாங்க?”

“யாரு பாத்தா? கருப்புக் கண்ணாடி.”

கயல்விழி கடை வாசலில் நின்றார். ஊருக்குள்ளிருந்து ஒரு மினி பஸ் வந்து கடையை உரசுவதுபோல் கடந்து போனது. அதைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டான் மேடம்” என்றார் ரெத்தினம்.

காத்தான் தன் குத்தகை நிலத்தில் இருந்தார். ஆறடிக்குக் குறையாத மனிதர். நடவுப் பெண்களுக்கு நாற்றுமுடிகளை எடுத்து வீசிக்கொண்டிருந்தவர், சேற்றிலிருந்து வரப்பேறி வந்து கைகட்டாமல் நிமிர்ந்து நின்றார்.

“வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?”

“இங்கதாங்க. அன்னைக்குத்தான் சம்பா நடவு ஆரம்பிச்சோம்.”

“விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் இந்தச் சேத்துலதான் கெடந்தாரு” என்று வயலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

“அப்படின்னா உங்க முதலாளி கேட்டப்ப ஏன் பேசாம நின்னீங்க?”

காத்தான் குனிந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. சாயங்காலத்துல அவரு வண்டிய எடுக்க வேணாம். நல்லதில்ல” என்றார்.

வரப்பைத் தாண்டியதும் ரெத்தினம் படபடத்தார். “மிரட்டுறான் மேடம்! நல்லதில்லைங்கறான்!”

“மிரட்டுற மாதிரியா இருந்துச்சு? எனக்குக் கெஞ்சுற மாதிரி கேட்டுச்சு சார்.”

அஜீஸின் வீட்டுப் போர்டிகோவில் வெள்ளைக் கார் நின்றது. இடது முன்பக்கம் நீளமாகச் சிராய்த்து, அதில் சுண்ணாம்புப் பொடி ஒட்டியிருந்தது. “எவனோ கீறிட்டான்” என்றார் அஜீஸ். வாய்க்கால் சாலையில் பார்த்த மதகுச் சுவரின் உயரத்தில்தான் அந்தக் கீறல் இருந்தது என்பதைக் கயல்விழி மனதில் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் அஜீஸின் தம்பி மகன் ஷஹ்பாஸ் உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன். சொல்லி அனுப்பியிருந்ததால் வந்திருந்தான். ரெத்தினத்தின் பார்வை உடனே அவன்மேல் நிலைத்தது. அஜீஸின் மனைவி நஃபீசா டீ கொண்டுவந்தார். குட்டையான, கலகலப்பான பெண்மணி. கண்கள் மட்டும் தூங்காதவை போலச் சிவந்திருந்தன.

அஜீஸ் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை முறுக்குத் தட்டில் பட்டது. தடவி டம்ளரைப் பிடித்தார்.

“காத்தான்தான் சாவிய என்னமோ பண்ணிக் கெடுத்திருக்கான்” என்றார்.

“பெரியத்தா, சாவி தண்ணி பட்டாலே கெட்டுப்போகும்” என்றான் ஷஹ்பாஸ்.

“அந்த மனுசன எதுக்குங்க சொல்றீங்க?” என்றார் நஃபீசா. “வண்டி மறந்துட்டா சாவி என்ன செய்யும்?”

ரெத்தினம் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். கயல்விழி சிரிக்கவில்லை.

“அந்த மாற்றுச்சாவியக் கொண்டு வாங்க” என்றார்.

எல்லோரும் போர்டிகோவுக்கு வந்தார்கள். அஜீஸ் மாற்றுச்சாவியை அமுக்கினார். நான்கு கதவும் டக்கென்று திறந்தன. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். என்ஜின் இரண்டு முறை முனகி அடங்கியது. மறுபடி திருகினார். அதே கதைதான். டாஷ்போர்டில் சாவி வடிவத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. தன்னுடைய சாவியைப் போட்டுத் திருகினார். உடனே ஸ்டார்ட் ஆனது.

அஜீஸ் மாற்றுச்சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “இது என் சாவி இல்ல.”

“இல்லதான். கம்பெனி சாவிக்குள்ள ஒரு சில்லு இருக்கும். அது இல்லாம என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இது ஆன்லைன்ல வாங்கிப் பல்லு வெட்டின சாவி. கதவத் திறக்கும், அவ்வளவுதான்.”

“அப்ப என் உண்மையான சாவி திருடன்கிட்ட இருக்கு!”

“திருடன்கிட்ட இருந்தா இந்நேரம் வண்டி இங்க நிக்காது” என்றார் கயல்விழி. “அவனுக்குக் கதவத் திறக்க ஒரு புதுச்சாவி எதுக்கு? அத உங்க அலமாரியில கொண்டாந்து எதுக்கு வைக்கணும்? சாவியத் தொலைச்சவங்கதான் அந்த இடத்துல இன்னொண்ண வைப்பாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்கிறவங்க.”

கூடத்துக்குத் திரும்பி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கயல்விழி நிதானமாகத் தொடர்ந்தார்.

“புதுச்சாவிய வண்டிக்குப் பழக்கணும். புரோகிராம் பண்றதுன்னு சொல்லுவாங்க. இந்த மாதிரி வண்டியில வீட்டுலயே செய்யலாம். ஒரு நல்ல சாவியப் போட்டு வரிசையா ஆன் பண்ணி ஆஃப் பண்ணினா, கதவுப் பூட்டு தானா ஒரு தடவ அடிச்சு ‘சரி’ங்கும். உடனே புதுச்சாவியோட பொத்தான அமுக்கணும். அந்த நேரத்துல அமுக்காத சாவிய எல்லாம் வண்டி கணக்குலேருந்து எடுத்துரும். அதனாலதான் உங்க சாவிக்குக் கதவு திறக்கல. ஆனா சில்லு வேற கணக்கு, அதனால என்ஜின் ஓடுது.”

“அதுக்கு என் சாவி வேணுமே! அது எப்பவும் என் பையில இருக்கு.”

“எப்பவுமா?”

அஜீஸ் யோசித்தார். “ஜும்ஆவுக்குக் குளிச்சு உடுப்பு மாத்தும்போது மட்டும்... மேசையில வச்சுட்டுப் பள்ளிவாசலுக்குப் போவேன்.”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போறதுக்கு முன்னாடி சாவி வேலை செஞ்சுச்சு. வந்தப்புறம் இல்ல. அப்ப காத்தான் வயல்ல இருந்தாரு. நடவுல இருந்த பொம்பளைங்க எல்லாரும் சாட்சி. ஷஹ்பாஸ் எங்க இருந்தாரு?”

“என் பக்கத்துல தொழுதான்” என்றார் அஜீஸ் மெல்ல.

ரெத்தினம் ஷஹ்பாஸ் மேலிருந்த பார்வையைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு எடுத்தார்.

“அடுத்தது, டீக்கடை. ஊருக்குள்ளேருந்து போற வண்டிக்குக் கடை இடது பக்கம். காத்தான் கைய நீட்டினாத் தொடுற தூரத்துல இருந்தாருன்னா, அவரு இடது சீட்டுல இருந்திருக்காரு. ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டினது வேற ஆளு. சீட்ட ரொம்ப முன்னால தள்ளிக்கிற ஆளு. காத்தானும் உயரம், ஷஹ்பாஸும் உயரம். இந்த வீட்டுல எல்லாரும் சாவி கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் வண்டி மறந்துட்டதா சொன்னாங்க. அத வண்டிக்குள்ள உக்காந்து செஞ்சவங்களுக்குத்தான் அந்த வார்த்தை வரும்.”

நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான்தாங்க” என்றார் கணவனைப் பார்த்து. “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு காத்தான்கிட்ட சத்தியம் வாங்கித்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன். வாய்க்கால் கரையில இறங்கி நின்னப்ப மாற்றுச்சாவி தண்ணியில விழுந்துருச்சு. உங்ககிட்ட ஓடி வந்து, வண்டிய சர்வீசுக்கு எடுக்கணும்னு சொல்லி உங்க சாவிய வாங்கிட்டுப் போனானே காத்தான், ஞாபகம் இருக்கா? அன்னைக்குத்தான். அப்புறம் ஒரு சாவி வாங்கி, வீடியோவப் பாத்து வெள்ளிக்கிழமை பழக்கினேன். உங்க சாவிக்கு எதுக்கு மறுபடி பழக்கணும், அது ஏற்கெனவே தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்.”

“அவன நான் வெளிய அனுப்பினப்ப நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“அன்னைக்கே அவனுக்குப் போன் பண்ணி, உங்ககிட்ட சொல்லிடறேன்னேன். நீங்க சொன்னா முதலாளி உங்களையும் வண்டியத் தொட விடமாட்டாரு, கொஞ்சம் பொறுங்கம்மான்னான். எனக்கு வாயும் வரல, தூக்கமும் வரல. அதனாலதான் உங்கள இவங்ககிட்ட அனுப்பினேன். யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னு.”

“எதுக்கு நஃபீசா? எதுக்கு எனக்குத் தெரியாம?”

“வண்டி ஓட்டக் கத்துக்கவான்னு முதல்ல உங்ககிட்டதான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க.” அவர் காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தார். “காத்தான் வீட்டுக்குப் போனப்புறம் சாயங்காலத்துல நீங்களே எடுக்குறீங்க. போன மாசம் மதகுல இடிச்சீங்க. எவனோ கீறிட்டான்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன்? நீங்க அந்தச் சுவரப் பாக்கவே இல்லீங்க. கண்ணக் காட்டுங்கன்னா கோவம் வருது. எத்தனை நாளைக்கு நான் கலிமா சொல்லிக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்க முடியும்?”

அஜீஸ் எழுந்து வாசல்வரை போய், வெளியே பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து போனை எடுத்து, ஷஹ்பாஸிடம் கொடுத்து, “காத்தானுக்குப் போடு” என்றார். எடுத்ததும், “காத்தான், நான்தான். நான் பேசினது தப்புப்பா. நடவு முடிஞ்சதும் வா” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, “தெரிஞ்சுபோச்சு, எல்லாம் தெரிஞ்சுபோச்சு” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பிறகு நஃபீசா காரில் உட்கார்ந்து இரண்டு சாவிகளையும் பழக்கினார். சாவியைத் திருகும் விரல்கள் தையல் ஊசி பிடிப்பதுபோலத் தயங்காமல் நகர்ந்தன. பூட்டு டக்கென்று அடித்தது. ஒன்று, அடுத்தது என்று பொத்தான்களை அமுக்கினார். நாளெல்லாம் மோட்டாரைப் பிரித்துப் போடும் அஜீஸ் கதவில் சாய்ந்து அதை வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் போன சாவியின் சில்லைக் கம்பெனியில் சொல்லி வண்டியின் கணக்கிலிருந்து நீக்கிவிடும்படி கயல்விழி யோசனை சொன்னார்.

அந்தி சாய்ந்து மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்தில் விடுவதாக அஜீஸ் பிடிவாதமாகச் சொன்னார். வழக்கம்போல வலது பக்கக் கதவுக்குப் போனவர், கைப்பிடியில் கை வைத்தபடி கொஞ்சம் நின்றார். அப்புறம் காரைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார்.

“லைசென்ஸ் இருக்கா?”

“போன மாசமே வாங்கிட்டேன்.”

முதல் முறை வண்டி துள்ளி நின்றுவிட்டது. அஜீஸ் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். கடைத்தெருவைத் தாண்டி விளக்கில்லாத இடத்துக்கு வந்ததும் நஃபீசா வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தினார்.

“ஏன் நிறுத்துற?”

“ஆளு கடக்குறாங்கங்க.”

அஜீஸ் முன்னால் குனிந்து கண்ணாடிக்கு வெளியே உற்றுப் பார்த்தார். மழையும் இருட்டும்தான் தெரிந்தன. பின்சீட்டில் இருந்த கயல்விழிக்கும் ரெத்தினத்துக்கும் அந்தப் பெண் தெளிவாகத் தெரிந்தாள். தலையில் சாக்கும் கையில் குழந்தையுமாக அவள் முக்கால் சாலையைக் கடந்து, முகப்பு விளக்குக்கு நேரே வந்த பிறகுதான் அஜீஸ் அவளைப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது.

அவள் கடந்து போன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

“தஞ்சாவூர்ல நல்ல கண் டாக்டர் யாராவது தெரியுமாம்மா?” என்று பின்னால் திரும்பாமல் கேட்டார்.

கயல்விழி வாயைத் திறப்பதற்குள் நஃபீசா கியரைப் போட்டார்.

“வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன்” என்றார். “நானே கூட்டிட்டுப் போறேன்.”