ஏழாவது விளக்கு

செவ்வாய்க்கிழமை மாலை நீச்சல் வகுப்பு முடிந்து திரும்பும்போது, ஏரிக்கரை வளைவில், ஸ்டியரிங் அவள் பேச்சைக் கேட்கவில்லை. முழுதாக இறுகிப்போயிருந்தால்கூட வண்டி ரிப்பேர் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். சாலைப் பக்கம் திருப்பினாள். பாதி வந்தது, நின்றது, பிறகு நிதானமாக ஏரிப் பக்கம் போகப் பார்த்தது. இரண்டு கைகளாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்து வண்டியை ஓரம் நிறுத்தியபோது அவள் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட். பத்து வருஷமாக மற்றவர்களின் கை கால்களை மடக்கி நீட்டுவதுதான் பிழைப்பு. இறுகிப்போன மூட்டு எப்படி இருக்கும், வலிக்குப் பயந்து நோயாளி வீம்பாகப் பிடித்துக்கொள்ளும் கை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இறுகிய மூட்டு சும்மா கிடக்கும். வீம்புபிடித்த கை எதிர்த்துத் தள்ளும். அன்று ஸ்டியரிங் தள்ளியது. இதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்கு என்பான்.

ஏழு பேர் உட்காரும் மினிவேன் அது, பழைய வண்டியாக வாங்கியது. முன்னால் அவளும் நாத்தனாரும். நடு வரிசையில் நாத்தனாரின் இரட்டைப் பெண்கள். பின்வரிசையில் ஒரு ஜன்னலோரம் அவளுடைய மகள், இன்னொரு ஜன்னலோரம் ஐந்து வயது மகன் பொடியன், இருவருக்கும் நடுவில் சண்டை வராமல் இருக்க நாத்தனாரின் மூத்தவன். செவ்வாயும் வியாழனும் இந்தப் பட்டாளம்தான். அந்த வியாழக்கிழமை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வழியில் ஓட்டினாள். ஏழு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடு சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

"ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாச்சு மேடம். வெண்ணெய் மாதிரி திரும்புது."

"எத்தனை பேர் போனீங்க?"

"நானும் மெக்கானிக்கும்தான்."

"எங்களுக்கு ஆள் நிறைய இருக்கும்போதுதானே வந்துச்சு?"

"பயத்துல கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருப்பீங்க மேடம். லேடீஸுக்கு அப்படித் தோணும்."

உன் மணிக்கட்டை ஒரு நிமிஷம் என்னிடம் கொடு என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ரசீதில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று அச்சடித்திருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த மாடல் வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதை நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இதே ஸ்டியரிங் கோளாறு நாற்பது பேருக்கு வந்திருந்தது, ஒரு சர்வீஸ் சென்டரும் ஒப்புக்கொள்ளவில்லை. வாத்தியார் விடவில்லை. ஒரு படிவம் தயாரித்து, சம்பவம் நடந்த உடனே அங்கேயே நிரப்பச் சொன்னார். என்ன வேகம், மழையா வெயிலா, வண்டியில் எத்தனை பேர். 'ஞாபகத்தை நம்பாதீர்கள், டேஷ்போர்டைப் பார்த்து எழுதுங்கள்' என்று மேலேயே சிவப்பில் போட்டிருந்தார். டேஷ்போர்டில் சின்னச் சின்ன சீட் படங்கள் இருக்கும். பெல்ட் போட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பச்சை விளக்கு. அவளும் அந்தச் செவ்வாய்க்கிழமை விளக்குகளை எண்ணி ஏழு என்று எழுதியிருந்தாள். எல்லாப் படிவத்திலும் ஏழுதான். பாரம் தாங்காமல்தான் ஸ்டியரிங் மக்கர் பண்ணுகிறது என்று வாத்தியார் முடிவு கட்டினார். எப்போதும் ஒரு சீட்டைக் காலியாக விடுங்கள் என்றார். குழுவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் நாத்தனாரின் மூத்தவனை அவன் நண்பனின் அப்பாவோடு அனுப்பிவிட்டாள். பின்வரிசை நடு சீட் காலி. ஆறு பேர். ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைதான், ஆனால் தூறல் பிடித்து வானம் மூட்டமாக இருந்தது. வண்டிக்குள் ஈரத் துண்டு வாசமும் நீச்சல் குளத்து மருந்து வாசமும் கலந்து கிடந்தன. வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம், இரட்டையர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிய்க்கும் சத்தம், இவற்றுக்கு மேலே நாத்தனார் தன் ஆபீஸில் யாரோ யாரையோ முறைத்த கதையை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைச் சாலை ஆரம்பிக்கிற இடத்தில் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"யாரு பெல்ட்டைக் கழட்டினது?" என்றாள்.

"யாரும் கழட்டலம்மா," என்றாள் மகள்.

கழற்றும் சத்தம் அல்லதான் அது. மாட்டும் சத்தம். அவள் அதை யோசிக்க விரும்பவில்லை. மருந்து வாசம் குறைந்து, வேறு ஏதோ வாசம், வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருகிற வாசம் முன்னால் வந்தது. நாத்தனார் மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணி, துண்டெல்லாம் வீட்டுக்குப் போனதும் துவைக்கப் போடணும், என்ன நாத்தம் இது."

போன் அடித்தது. வண்டி ஸ்பீக்கரில் வாத்தியாரின் குரல். எப்போதும் வகுப்பெடுக்கிற மாதிரி பேசும் மனிதர் இன்று தடுமாறினார்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னுதுதான். நேத்துலேருந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். நாம எல்லாரும் விளக்கைத்தானே எண்ணினோம். தலையை எண்ணலையே."

"புரியல சார்."

"விளக்கு ஏழு. ஆனா எல்லார் வண்டியிலயும் இருந்தது ஆறு பேர்தாம்மா. ஏழு பேர் நிஜமா இருந்த வண்டில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. உங்க வண்டில அன்னைக்கு எத்தனை பேர்?"

அவள் வாயைத் திறந்தாள். அன்று திரும்பி வரும் வழியில் மருந்துக் கடையில் நின்றது ஞாபகம் வந்தது. நாத்தனாரின் மூத்தவனுக்குக் காய்ச்சல் மருந்து. அவன் அன்று வீட்டில் படுத்திருந்தான். அன்று அவர்கள் ஆறு பேர்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? இப்ப வண்டியிலயா இருக்கீங்க? இப்ப எத்தனை பேர்?"

டேஷ்போர்டைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு. மூன்று, நான்கு. ஐந்து, ஆறு, ஏழு.

பின்னால் பேச்சே இல்லை. பொடியன் இருக்கும் வண்டியில் பேச்சு இல்லாமல் இருந்ததே கிடையாது. கண்ணாடியில் பார்த்தாள். மகளும் பொடியனும் ஆளுக்கொரு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் பருமனான ஆள் வந்து உட்கார்ந்தால் ஒடுங்கிக்கொள்வதுபோல. நடு சீட்டின் பெல்ட் இழுபட்டு மாட்டியிருந்தது. அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. முன்னால் புடைத்துக்கொண்டு நின்றது. ஏறியது. இறங்கியது. ஏறியது.

வளைவு வந்தது. திருப்பினாள். ஸ்டியரிங் பாதியில் நின்றது.

தள்ளியது.

பிரேக்கை முழுதாக மிதித்தாள். ஈரச் சாலையில் டயர் அலறியது. சாலை போய் மண் வந்தது. மண் போய்ப் புல் வந்தது. வண்டி நின்றது. முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், கை வலிக்க இன்னொரு முறை இழுத்தாள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

நாத்தனார் குதித்து இறங்கினாள். சறுக்குக் கதவு திறந்தது. இரட்டையரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே இழுத்தாள். மகள் குதித்தாள், முட்டி தேய விழுந்தாள். டிரைவர் சீட்டில் அவள் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினாள். சேற்றில் செருப்பு போனது. எண்ணினாள். இந்தத் தடவை தலையை எண்ணினாள். நாத்தனார். இரட்டையர் ரெண்டு பேர். மகள். தான்.

ஐந்து.

"தம்பி எங்கடி?"

மகளின் உதடு கோணியது. "நான் கூப்பிட்டேம்மா. அவனை விடமாட்டேங்குது."

சறுக்குக் கதவு தானாக நகர்ந்து வந்தது, அவசரமே இல்லாமல். கையைக் கொடுத்தாள், விரல் நசுங்கப் பார்த்தது, இழுத்துக்கொண்டாள். கதவு மூடியது. பூட்டுகள் வரிசையாக விழுந்தன. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். கண்ணாடியைக் குத்தினாள். நாத்தனார் ஒரு கல்லைத் தேடிக்கொண்டு சாலைப் பக்கம் ஓடினாள். உள்ளே ஸ்பீக்கரில் வாத்தியார் இன்னும் எத்தனை பேர், எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் பொடியன் தனியாக உட்கார்ந்திருந்தான். நடு சீட்டின் பெல்ட் கழன்று சுருண்டிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு உயிர் வந்தது.

'டக்.'

முன்னால் கேட்டது. அவள் எழுந்து வந்த டிரைவர் சீட்டின் பெல்ட் இழுபட்டு மாட்டியிருந்தது. புடைத்து, ஏறி, இறங்கியது. ஹேண்ட்பிரேக் விளக்கு அணைந்தது. ஸ்டியரிங் ஏரிப் பக்கம் திரும்பியது, எந்தக் கையும் எதிர்க்காததால் வெண்ணெய் மாதிரி திரும்பியது. வண்டி சரிவில் நகர ஆரம்பித்தது.

அவள் கூடவே ஓடினாள், கண்ணாடியில் உள்ளங்கையை அடித்துக்கொண்டு, அவன் பெயரைக் கத்திக்கொண்டு. பொடியன் திரும்பவில்லை. பெல்ட்டுக்குள் உட்கார்ந்தபடியே எட்டி, டிரைவர் சீட்டைப் பார்த்து, தினமும் கேட்பதுபோல, "அம்மா, வீடு வந்துருச்சா?" என்று கேட்டான்.