அரைச்சீட்டு

ஒசாகா கோட்டையின் அகழி ஓரம் நின்று வர்ஷினி காலைப் பலகாரத்தை மென்றாள். வாயில் ஒன்றும் தெரியவில்லை. பஞ்சை மெல்வதுபோல இருந்தது.

“உள்ள இனிப்புப் பயறுளா. நம்ம மோதகத்துக்குத் தம்பி,” என்றது காதுக்குள் ஒரு குரல். பாளையங்கோட்டையில் கட்டிலில் சாய்ந்திருக்கும் அவளுடைய மூத்த ஓரகத்தி இலக்கியா. “சரி, கோட்டை எப்படி இருக்கு, சொல்லு.”

“வெள்ளச் சுவரு, பச்சக் கூரை. டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்கா நிக்கிக்கா.”

வானத்தின் புகையைக் குறைக்க விமானங்களைக் குறைத்துவிட்ட காலம் அது. இரண்டு பேருக்கு ஓர் இருக்கைதான். அதற்குப் பெயர் அரைச்சீட்டு. ஒருத்தி போவாள், பார்ப்பாள். அவள் நாக்கில் ஒட்டிய சுவைக்கடத்தி ருசியை எடுத்து, வீட்டில் இருப்பவளின் மூளைக்கு நேரே அனுப்பிவிடும். ருசி ஒரு நேரத்தில் ஒருத்திக்குத்தான். வீட்டிலிருப்பவள் பொத்தானை அமுக்கித் திருப்பித் தரலாம்; தந்தால் தந்ததுதான், மறுபடி கிடைக்காது. பேச்சு மட்டும் மிஞ்சும்.

இலக்கியாவுக்கு ஒரு காய்ச்சலோடு நாக்கு செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ருசி என்று அவளுக்கு வாய்த்தது இந்த ஒரு நாள். அது தெரிந்ததால் வர்ஷினி தனக்கென்று எதையும் கேட்கவில்லை.

மதியம் மீன் சந்தையில், தட்டோரம் இருந்த பச்சை விழுதைக் கொத்தமல்லித் துவையல் என்று நினைத்து மொத்தமாக வாயில் போட்டாள்.

“ஏளா, கொன்னுட்டியே. மூக்குக்குள்ள தீப்பிடிச்சிட்டு.”

இங்கே வர்ஷினியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கடைக்காரர் அசந்துபோய் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்.

“விலாங்குமீன் சோத்தத் தின்னாத்தான் இந்த எரிச்சல் அடங்கும்,” என்றாள் இலக்கியா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதைத்தான் அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கால்வாய்க் கரையில் விளக்குகள் எரிந்தன. எட்டுக்கால் பேய்க்கணவாயின் துண்டு வைத்த பணியாரம் ஒரு தட்டு வாங்கித் தின்றுகொண்டே வந்த வர்ஷினி பேசாமல் நின்றுவிட்டாள்.

“என்னளா, சத்தத்தக் காணும்?”

“ஒண்ணுமில்லக்கா. எல்லாரும் ஊதி ஊதித் திங்காங்க. பாத்துட்டு நிக்கேன்.”



“தட்டுல மிச்சம் இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு.”

“வாயில போடு.”

போட்டாள். குழைந்த மாவும், புளிப்பும் இனிப்புமான குழம்பும், கடல் வாசமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. வர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அக்கா, என்ன பண்ணிட்டீங்க? விலாங்குமீன் சோறு இருக்கே.”

“அத நீ தின்னு. இது எப்படி இருக்கு?”

வர்ஷினி மெல்ல விழுங்கினாள்.

“சுமார்தாங்க்கா. நீங்க ஒண்ணும் பெருசா விட்டுரல.”

பாளையங்கோட்டையில் இலக்கியா சிரித்தாள்.

“புளுகாதளா. நீ பணியாரக்காரன்கிட்ட இன்னொரு தட்டு கேக்கது எனக்குக் கேக்கத்தானே செய்யி.”