நாலாம் கட்டிலின் துடிப்பு

1998 ஆடி மாதத்தில் ஜெஸ்லின் ஒரு மலையாள நகரத்து ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீட்டைத் தடுத்து வார்டுகளாக்கியிருந்தார்கள். மாடியில் இதயப் பிரிவு, ஆறு கட்டில்கள். டெட்டால் வாசனைக்கு அடியில், ஈரம் ஏறிய மரத்தின் வாசனை அங்கே எப்போதும் கிடந்தது.

ஐந்தாம் நாள் மதியம் வடிவம்மாளைக் கொண்டுவந்தார்கள். பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் மாவரைக்கிறவள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கிரைண்டர் அருகே மயங்கி விழுந்திருந்தாள். நாலாம் கட்டில் மட்டும்தான் காலி.

“அந்தக் கட்டில் வேண்டாம் டாக்டர்,” என்றாள் சிஸ்டர் செண்பகவல்லி.

“பின்னே எங்க படுக்க வைக்கறது?” என்று கேட்டார் டாக்டர் ஹரிநாராயணன். அவள் விரிப்பை மாற்றப் போனாள்.

ஜெஸ்லின் கைகால்களில் கிளிப்புகளை மாட்டினாள். காகிதம் ஊர்ந்து வந்தது. ஒழுங்கான இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று அடையாளம் வைக்கும். மின்சாரம் மேலறைகளில் பரவும்போது சின்ன மேடு. கீழறைகளில் பாயும்போது ஊசிபோல் உச்சி. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது உருண்டையான மேடு. வடிவம்மாளுக்குச் சின்ன மேடுகள் சீராக வந்தன. உச்சிகள் அவற்றோடு ஒட்டவில்லை. தம் பாட்டுக்கு, நிமிடத்துக்கு முப்பத்திரண்டுதான். மேலே பிறந்த மின்சாரம் கீழே போய்ச் சேரவில்லை.

“கம்ப்ளீட் பிளாக். பேஸ்மேக்கர் வைக்கணும், இங்க வசதி இல்லை,” என்றார் டாக்டர். “நான் ஆம்புலன்ஸுக்குப் பேசிட்டு வரேன். ரெண்டு பேரும் கூடவே இருங்கோ.”

அவர் இறங்கிப் போனதும் மழை வலுத்தது. கரன்ட் போயிற்று. மெஷின் பேட்டரியில் ஓடியது.

அப்போதுதான் காகிதத்தில் இன்னொன்று தெரிந்தது.

வடிவம்மாளின் அகன்ற உச்சிகளுக்கு நடுவே, குறுகலான சின்ன உச்சிகள். நெருக்கமாக. நிமிடத்துக்கு நூற்றிருபது.

ஜெஸ்லின் கிளிப்பை மாற்றினாள். வயரை மாற்றினாள். அவை போகவில்லை. வேறு யாரோ ஒருவரின் இதயம், இவளுடைய உடம்பு வழியாக எழுதிக்கொண்டிருந்தது.

“தாயி,” என்று முனகினாள் வடிவம்மாள். “அந்தாள கைய விடச் சொல்லு. குளுருது.”

“யாரை?”

“இடது பக்கம் நிக்காருல்லா.”

இடது பக்கம் யாரும் இல்லை. ஆனால் வடிவம்மாளின் இடது புறங்கையில் சதை அமுங்கி, நாலு வெள்ளைத் தடங்கள் பதிந்திருந்தன.

செண்பகவல்லி சுவரோடு ஒட்டி நின்றாள்.

“சத்தியதாஸ்,” என்றாள் தாழ்ந்த குரலில். “வித்துரா ஊர்க்காரர், ஜீப் டிரைவர். போன மாசம் இதே கட்டில்ல. என் கையைப் பிடிச்சிட்டு, பேடியா இருக்கு சிஸ்டர், பயமா இருக்கு, போகாதீங்கன்னார். நான் விரலை விலக்கிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போனேன். திரும்பி வந்தா மானிட்டர்ல நேர்கோடு. வயர் கழண்டிருக்கும்னு நினைச்சு, சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு வேற வயர் எடுக்கப் போயிட்டேன். ஆளைப் பாக்கலை ஜெஸ்லின். கோட்டைத்தான் பாத்தேன்.”

காகிதத்தில் குறுகிய உச்சிகள் தாறுமாறாயின. பிறகு வெறும் நடுக்கமாயின. அவன் மறுபடியும் செத்துக்கொண்டிருந்தான்.

வடிவம்மாளின் உச்சிகளும் விலகி விலகி வந்தன. இருபத்தாறு. அவள் உதடு நீலம் பாரித்தது.

“அக்கா, டாக்டரைக் கூட்டிட்டு வாங்க,” என்றாள் ஜெஸ்லின். செண்பகவல்லி ஓடினாள்.

இருபது.

ஜெஸ்லின் கட்டிலைச் சுற்றி இடது பக்கம் போனாள். அங்கே மட்டும் நனைந்த காக்கித் துணியும் பெட்ரோலும் கலந்த வாசனை. இடது கையை நீட்டினாள்.

“அண்ணே, அந்த அம்மாவ விட்டிருங்க. எனக்க கையப் பிடிச்சுக்கிடுங்க. நான் போவ மாட்டேன்.”

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு ஐந்து விரல்கள், ஒவ்வொன்றாக.

டாக்டர் மூச்சிரைக்க வந்து ஊசி போட்டபோது, காகிதத்தில் வடிவம்மாளின் துடிப்பு மட்டும்தான் இருந்தது. முப்பத்தாறு. ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. பேஸ்மேக்கர் வைத்து, ஓணத்துக்கு முன்பே அவள் ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டாள். செண்பகவல்லி அந்த வாரமே வேலையை விட்டுப் போனாள். ஜெஸ்லின் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

2003இல் துபாய் வேலைக்காக அவள் மெடிக்கல் பரிசோதனைக்குப் போனாள். வயதான டாக்டர் ஒருவர் வலது மணிக்கட்டில் நாடி பார்த்து, எழுபத்திரண்டு என்று எழுதினார். பிறகு இடது கையைப் பிடித்தார். புருவம் சுருங்கியது. இரண்டு மணிக்கட்டுகளையும் ஒருசேரப் பிடித்தார்.

“மோளே, கை அனக்கண்டா, அசைக்காதே,” என்றார்.

வலது கையில் நாடி சீராக ஓடியது. இடது கையில் அதிவேகமாக ஓடி, தடுமாறி, நடுங்கி, நின்றது.

ஜெஸ்லின் நாற்காலியில் நேராக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விரலை எடுக்கவில்லை. அரை நிமிடம் போயிற்று.

பிறகு அது மறுபடியும் ஓடத் தொடங்கியது.